நீலப் புள்ளி இல்லாத ஏழு ஆணிகள்

அன்புள்ள கேரின்,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நியூசிலாந்தில் நீ எப்படி இருக்கிறாய் என்பதைக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன், இப்போது கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடுவாய். உனக்கு நினைவிருக்கிறதா, நான்காம் வகுப்பில் நீ என்னிடமே படித்தாய், பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். நீயும் சமர்த்தாகக் கையை உயர்த்தி, "டீச்சர், கணக்கைத் தப்பாப் போட்டும் விடை சரியா வந்துட்டா, அது சரியா தப்பா?" என்று கேட்டாய். இருபத்தாறு பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன், அந்த நாளை வரவே இல்லை. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகி, இப்போது அதே கேள்வியோடு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் விடை தெரியவில்லை.

அப்பா தன் கையாலேயே கட்டுகிற குட்டி விமானம் வீட்டைப் பாதி விழுங்கிவிட்டது. கராஜில் இறக்கைகள் நிற்பதால் கார் வெளியே கிடக்கிறது, தினம் காலையில் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகிறேன். வாலின் ஒரு துண்டு உன் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருக்கிறது, துடைக்கப் போகும்போதெல்லாம் யாரோ காய்ச்சலில் கிடப்பது போல ஒரு நொடி திடுக்கிடுகிறது. அதன் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய நாளில் புத்தக அலமாரி பூட்டுகிற மாதிரி ஒரு மாதத்து வேலை என்று நினைத்தேன், இது நான்காவது வருஷம். நம் பக்கத்து வீட்டு லீராய் தானே ஒரு விமானம் கட்டிப் பறக்கிறவர் என்பதால் சனிக்கிழமைதோறும் வேலையைப் பார்வையிட வருகிறார். "டுவேன், இந்த வேகத்துல போனா உன் சவப்பெட்டிக்குத்தான் இறக்கை மாட்டணும்" என்கிறார். அப்பா, "அதையும் நீதான் வந்து செக் பண்ணுவே" என்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நான் செய்த ருபார்ப் கேக்கைத் தீர்த்துவிடுகிறார்கள்.

என் குழப்பம் உனக்குப் புரிய வேண்டுமென்றால் தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணி அடிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பட்டன் தைக்கும்போது மேலிருந்து ஒருத்தி ஊசியைக் குத்த, கீழிருந்து இன்னொருத்தி வாங்குகிறாள் என்று வைத்துக்கொள். அப்படித்தான், அப்பா இறக்கைத் தகட்டின் வெளிப்பக்கம் நின்று காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார், நான் உள்பக்கம் நின்று, துளை வழியே நீட்டிக்கொண்டிருக்கிற அதன் வால் மேல் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பேன். வால் நசுங்கிச் சின்னப் பொத்தான் மாதிரி நேராக உட்கார வேண்டும். சாய்ந்து போனால் துளை போட்டு எடுத்துவிட்டு வேறு ஆணி அடிக்க வேண்டும். அந்த வால் அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் நான் பார்த்து "சரி" என்று சொல்லி, என் நீலப் பேனாவால் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். சிவப்புப் பேனா வேண்டாம் என்றேன், அது தப்புக்குப் போடுகிற மை. என் "சரி" காதில் விழுந்தால்தான் அவர் அடுத்த ஆணிக்குப் போவார்.

ஜூலையில் ஒரு நாள் இடது இறக்கையில் வேலை நடந்தது. அன்று காலையில்தான் நீ போன் செய்தாய். வீடு மாற்றிவிட்டேன் என்று ஒரே வரியில் சொன்னாய், ஏன், யாரோடு, எதுவும் சொல்லவில்லை. நான்கு நிமிஷத்துக்குள் "நல்லாருக்கேன்மா" என்று மூன்று தடவை சொன்னாய். மத்தியானம் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர மனசு உன் புது வீட்டு வாசலில் நின்றது. அவர் அடித்தார், நான் சரி என்றேன், புள்ளி வைத்தேன். அடித்தார், சரி. எத்தனை ஆணி அப்படிப் பார்க்காமல் போனது, எந்த இடத்தில் போனது, இரவு கட்டிலில் யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளிடம் விடையைத் திரும்பப் பார், திரும்பப் பார் என்று சொன்னவள் நான்.

இந்தச் சனிக்கிழமை அந்த இறக்கையின் அடித்தகட்டைப் போட்டு மூடுவதாக இருந்தது. அடுத்த வாரம் லீராய் மான் வேட்டைக்குப் போய்விடுவார் என்பதால் அதற்குள் முடிக்க அவசரம். மூடிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேதான். மூடும் முன்னால் வீட்டு மனிதர்கள் உள்தகட்டில் பெயர் எழுதுவது விமானம் கட்டுகிறவர்களின் வழக்கம், அப்பா எழுதிவிட்டார், எனக்கும் உனக்கும் இடம் விட்டிருக்கிறார். பேனாவை எடுத்துக்கொண்டு போன எனக்குக் கை ஓடவில்லை. அந்த இறக்கையை நம்பித்தானே இந்த மனுஷர் வானத்துக்குப் போகப் போகிறார், சட்டப்படி முதல் நாற்பது மணி நேரம் தனியாக வேறு பறக்க வேண்டும். பொய் சொன்ன இடத்தில் எப்படிப் பெயர் எழுதுவது?

செவ்வாய்க்கிழமை அவர் முடி வெட்டப் போன நேரம், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். இறக்கைக்குள் விலா எலும்பு போலச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா ஆணியும் நேராக இருந்தது. தப்பு நிச்சயம் இருக்கும் என்று தேடிப் போன இறக்கையில் ஒரு தப்பும் இல்லை! திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. நான்காவது விலாவில் ஏழு ஆணிகளுக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி இல்லை. யாரோ துளை போட்டு எடுத்து, துடைத்துவிட்டு, புதிதாக அடித்திருக்கிறார்கள். கட்டுகிறவர்கள் அன்றன்றைய வேலையை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அரசாங்க ஆள் பரிசோதிக்க வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார். அதை எடுத்து ஜூலைப் பக்கத்தைப் புரட்டினேன். அப்பாவின் எழுத்தில், "நான்காவது விலா, ஏழு ஆணி சாய்ந்திருந்தது, மாற்றியாயிற்று. துப்பாக்கியை நான் கோணலாகப் பிடித்துவிட்டேன்" என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது இரண்டு ஆள் வேலை, அப்படியானால் இன்னொரு கை யாருடையது? வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் வறுவல் விருந்தில் லீராயைப் பிடித்தேன். "டீச்சர், நான் மீன் திங்க வந்தேன், பரீட்சை எழுத வரல" என்று சொல்லிவிட்டுக் காது சிவக்கச் சிவக்க உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன், ஜூலையில ஒரு நாள் பார்க்காமலே சரின்னு சொல்லிட்டேன் என்று. "தெரியும்" என்றார். ஏன் சொல்லல என்றேன். "சொல்லியிருந்தா அடுத்த நாள் நீ இரும்பைத் தொட்டிருக்க மாட்ட. அன்னிக்கு கேரின் பேசினது எனக்கும் கேட்டுதே மார்லிஸ்" என்றார். அப்புறம் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "கோணலாப் பிடிச்சதும் நான்தான், அது பொய் இல்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "இத்தனை மாசமா என் சரியை நம்பாமத்தான் அடுத்த ஆணிக்குப் போனீங்களா?" என்று கத்திவிட்டேன். "நம்பித்தான் போனேன். சாயங்காலம் சின்ன முகக்கண்ணாடியை உள்ள நீட்டி வாலைப் பார்ப்பேன், அவ்வளவுதான். நீ வாசக்கதவைப் பூட்டினப்புறம் நான் ஒரு தரம் இழுத்துப் பார்க்கறதில்லையா?" என்றார். இழுத்துத்தான் பார்க்கிறார், நாற்பத்திரண்டு வருஷமாக. அது அன்பா, அவநம்பிக்கையா, இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. விடை சரியாக வந்துவிட்டது கேரின், ஆனால் கணக்கை இரண்டு பேருமே தப்பாகப் போட்டிருக்கிறோம். நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் இன்று இறக்கையை மூடவில்லை. லீராய் வேட்டைக்குப் போய்விட்டு வரட்டும். இந்த வாரம் முழுக்க நானும் அப்பாவும் ஒரே விளக்கில், ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஆணியாகத் திரும்பப் பார்க்கப் போகிறோம். அதற்குப் பிறகுதான் என் பெயரை எழுதுவேன். உனக்கு விட்ட இடம் அப்படியே இருக்கும், வேறு யாரையும் அப்பா அங்கே எழுத விடமாட்டார்.

அங்கே இப்போது கோடை, குளிர் உடுப்பு தேவைப்படாது, ஆனாலும் உன் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்புகிறேன், வைத்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் நல்ல வானம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார், எப்படி இருக்கே என்று கேட்பார். உடனே நல்லாருக்கேன் என்று சொல்லாதே. மூன்று எண்ணு, ஒரு தரம் உள்ளே பார், கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்.

உன் அம்மா,
மார்லிஸ்