சுவர் ஈரத்துக்கு இரண்டு வார்த்தை

பர்ன்லி,
பிப்ரவரி 9

அன்பு மகள் ஜில்லியனுக்கு அப்பா எழுதுவது. பெர்த் வெயிலில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இருமல் நெஞ்சில் இறங்கி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமைதான் வந்தாள். பயப்படாதே, இப்போது எழுந்து நடக்கிறாள்.

ஜனவரியில் படுக்கையறை அலமாரியை நகர்த்தினேன், பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், தொட்டால் நத்தை மாதிரி வழுக்கியது, அம்மாவின் கோட்டுக் கையில் பச்சையாக மயிர் முளைத்திருந்தது. வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதிக் கழகத்திலிருந்து ஹாலம் என்று ஒருவன் வந்தான். சுவரைவிட நம் கெட்டிலைத்தான் அதிக நேரம் பார்த்தான். இது டேம்ப் இல்லை சார், கண்டென்சேஷன் என்றான். இரண்டும் ஈரம்தானே என்றேன். இல்லையாம். டேம்ப் என்றால் வெளித் தண்ணீரைச் சுவர் குடிக்கிற ஓதம், அது வீட்டுக்காரர் பொறுப்பு. கண்டென்சேஷன் என்றால் குடியிருப்பவர்கள் விடுகிற மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் பட்டு நீராவது, அது நம் குற்றம். முப்பத்தெட்டு வருஷம் சுவர் பூசியவனுக்குப் பாடம் எடுக்கிறான். ஆவி என்றால் முதலில் சன்னல் கண்ணாடியில் பூக்கும், கண்ணாடியோ காய்ந்து கிடக்கிறது, கூரை மழைநீர்க் குழாய் உடைந்த இடத்துக்கு நேர் கீழேதான் ஈரம், மஞ்சள் விளிம்போடு. காட்டினேன். குளிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க என்றான். அப்ப மூச்சையும் குறைச்சுக்கறோம் என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. அவன் சிரித்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தாளோடு மறுபடி வந்தான். கண்டென்சேஷன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே ஆள் வந்து துடைச்சு பெயிண்ட் அடிச்சிருவாங்க, டேம்ப்னு சண்டை போட்டா ஆகஸ்ட் ஆயிடும் என்றான். அம்மா அந்த அறைக்குத்தானே திரும்ப வேண்டும். போட்டேன். ஜில், என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

வந்த அன்றே அம்மா அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டாள். இரண்டு தரம் படித்தாள். என் மூச்சுதான் என்னை நோயாளி ஆக்குச்சுன்னு எழுதிக் குடுத்துட்டியா கிளிஃப் என்றாள். கோபமாகக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலையில் உளியை எடுத்து அவர்கள் அடித்த வெள்ளையைக் கொத்தினேன். உள்ளே பூச்சு ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. ஒரு வாளி நிறைய அள்ளி, பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, கழக அலுவலகத்து மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். அங்கிருந்த பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, அய்யய்யே, இது டேம்ப் ஆச்சே என்றாள். அதையே எழுதிக் குடும்மா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நானும் வாளியும் அசையவில்லை. மூன்றரை மணிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அவர்களிடம் இருந்த தாளில் என் கையெழுத்தையும் கோடு போட்டு அடித்தாள். வியாழக்கிழமை குழாய் மாற்ற ஆள் வருகிறது. அதுவரை முன்னறையில்தான் இருவரும் படுக்கிறோம்.

நீ பதறிக்கொண்டு விமானம் ஏறாதே. யாராவது அவசரப்படுத்திக் கையெழுத்துக் கேட்டால் போடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவைப் போனில் கூப்பிடு, ஆனால் அந்தத் தாளைப் பற்றிக் கேட்காதே. என்னிடமும் அவள் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உன் அப்பா,
கிளிஃபர்ட் ஓர்மரோட்