பிடிப்புப் பார்த்த கை

9.12.1959
தோட்டத்து நர்சரிக்கு இனி கணக்கப்பிள்ளை நான்தான் என்று துரை சொல்லிவிட்டார். தலவாக்கலையிலிருந்து வந்த வேர் மருந்துத் தூளில் தேயிலைக் கிளைத் துண்டுகளின் அடியைத் தோய்த்து நட்டோம். ஹார்மோனாம், சீக்கிரம் வேர் விடவைக்குமாம். தண்ணீர் ஊற்ற ராசம்மாவைப் போட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, மலை ஏறாமல் இருக்கட்டும்.

25.1.1960
வேர் வந்ததா, இல்லையா? தினமும் காலையில் பாதையில் நின்றபடி ஒவ்வொரு துண்டாக லேசாக இழுத்துப் பார்க்கிறேன். பிடிப்பு இருந்தால் வேர். நேற்றுப் பிடித்தது இன்று கழன்று வருகிறது. எனக்குப் பொறுமையே கிடையாது என்று கலியாணமான வாரமே பவுலின் சொல்லிவிட்டாள்.

29.2.1960
பாதையோரத்துத் துண்டுகள் எல்லாம் கருகிவிட்டன. துரை கத்தினார். என் வாயில் சட்டென்று வந்தது ராசம்மாவின் பெயர். சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை என்றேன்.

"ரெண்டு வேளையும் ஊத்துனேங்க ஐயா," என்றாள்.

துரை கேட்கவில்லை. நாளைக் காலை ஆள் பிரிக்கும் பெரட்டிலிருந்து அவளுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை.

2.3.1960
செத்தவற்றைப் பிடுங்கினேன். அடியில் அறுந்த வேர்களின் வெள்ளை முனைகள். உள்பக்கம், என் கை எட்டாத வரிசைகளில் வேர் கொத்துக் கொத்தாக விட்டிருக்கிறது. அதே மருந்து, அவள் ஊற்றிய அதே தண்ணீர்.

இழுத்து இழுத்து அறுத்தது நான். ஐயோ, நான் என்ன மனுசன்?

6.3.1960
ஹட்டன் மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வருமுன் வெளியே வந்துவிட்டேன். சாமியார் துரையிடமும் சொல்லச் சொல்வார். சொன்னால் வேலை போகும், இந்த வீடும் போகும் — வெட்கங்கெட்டவன்.

14.3.1960
ராசம்மா கூடையோடு மலையில் சறுக்கி விழுந்தாளாம். வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். பவுலின் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

15.3.1960
உண்மையைச் சொல்லத்தான் துரையிடம் போனேன். சொன்னது வேறு. பாவம், அவளை இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். சரி என்றார். எனக்கு ரொம்ப இளகின மனசாம்.

16.3.1960
விடிந்ததும் நர்சரி வாசலில் ராசம்மா நின்றாள். முழங்கையில் துணிக் கட்டு.

"ஒங்க புண்ணியந்தாங்க ஐயா. இனிமே தண்ணி ஊத்துறதுல கொறை வைக்க மாட்டேங்க," என்றாள்.

சரி, போய் வேலையைப் பார் என்றேன்.