மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் நீட்டிய கையைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம் என முறையீடு

அனுப்புநர்:
எவேலியோ பசுல்த்தோ,
சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர்,
சந்தைத் தெரு, சாந்தா எலேனா, கியூபா.

பெறுநர்:
விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்கள்,
சாந்தா எலேனா.

பொருள்: ஞாயிறன்று நடந்த துரித சதுரங்க இறுதி ஆட்டத்தின் முடிவை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ரொட்டிக்கடை உல்பியானோ கேசாடாவுக்கும் எனக்கும் நடந்த ஆட்டத்தில் நான் தோற்றதாக நடுவர் அனிசேத்தோ அறிவித்துள்ளார். நான் தோற்கவில்லை. என் சிப்பாய் ராணியாக ஒரே கட்டம்தான் பாக்கி. தடுக்க உல்பியானோவிடம் ஒரு காயும் இல்லை.

2. அந்நேரம் மின்சாரம் போனது. நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, காயைத் தொடக்கூடாது என்றார். இருட்டில் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து விளக்கு எரிந்ததும் கூடமே ஆரவாரித்து எழுந்தது. நம் ஊரில் மின்சாரம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்குவோம், சண்டைக்காரராக இருந்தாலும் சரி. நானும் எதிரே இருந்தவரிடம் கை நீட்டினேன். புத்தி கெட்ட கை, ஐயா. உல்பியானோ அதைப் பிடித்துக்கொண்டு, விடாமலே நடுவரைக் கூப்பிட்டார்: "பாத்துக்கங்க, ஆளு தோல்விய ஒத்துக்கிட்டாரு."

3. எவ்வளவு மன்றாடியும், "சதுரங்கத்துல ஆட்ட நடுவுல கை நீட்டுனா தோல்விய ஒத்துக்கிட்டதா அர்த்தம் எவேலியோ. உன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று நடுவர் சொல்லிவிட்டார். அதே நொடியில் அவரும் வாயிற்காவலர் கையைக் குலுக்கிக்கொண்டிருந்ததைக் கூடமே பார்த்தது. அவர் யாரிடம் தோற்றார் என்று பணிவுடன் கேட்கிறேன்.

4. கோப்பைக்காக இதை எழுதவில்லை. வென்றவருக்கு ஹவானா போட்டிக்குச் செல்லும் துறைப் பேருந்தில் ஓர் இடம் உண்டு. என் ஒரே மகள் தயாமி வரும் சனிக்கிழமை ஹவானாவிலிருந்து உருகுவேக்கு விமானம் ஏறுகிறாள். திரும்பி வருவேன் என்கிறாள். போனவர்களில் யார் வந்தார்கள்? டீசல் இல்லாமல் மற்ற பேருந்துகள் ஓடவில்லை. "வந்துருவீங்கல்லப்பா?" என்று போனில் கேட்டாள். அரையிறுதியில் வென்ற தைரியத்தில், வருவேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவள் அழைத்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது.

5. எனவே, நின்ற நிலையிலிருந்தே ஆட்டத்தைத் தொடர உத்தரவிட வேண்டுகிறேன். அது முடியாதென்றால் கோப்பையும் பட்டமும் உல்பியானோவுக்கே இருக்கட்டும். நான் தோற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை புறப்படும் பேருந்தில் நின்றுகொண்டு வர மட்டும் அனுமதி கொடுங்கள். வழியில் டயர் பஞ்சரானால் நானே ஒட்டுகிறேன். விமான நிலையத்துக்குள் அவள் போகும்முன் ஒரு தடவை கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும், ஐயா. அவ்வளவுதான்.

பதில் வரும்வரை தங்கள் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இடம்: சாந்தா எலேனா
நாள்: 11.06.2024

இப்படிக்கு, பணிவுடன்,
(ஒப்பம்) எவேலியோ பசுல்த்தோ,
தயாமியின் தகப்பன்