கையெழுத்துப் போடாத சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தின் மூடி தானாக விழுந்து, கையை லேசாகச் சுட்டுவிட்டது. பயப்படாதீர்கள், ஆறிவருகிறது.

மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். ‘ஷி பர்ன்ட் ஹெர்செல்ஃப்’ என்றிருந்தது. தன்னைத்தானே சுட்டுக்கொண்டாள் என்று அர்த்தம்.

"ஹெர்செல்ஃபை அடிச்சிட்டு, மிஷின் சுட்டுச்சுன்னு எழுதுங்க சார். அது ரிப்பேர்னு ரெண்டு வாரமா சொல்றேன்."

"ஒரு வார்த்தைதானேம்மா?"

"அந்த வார்த்தையாலதான் பழி என் தலையில விழுது."

மூன்று நாள் முறைத்தார். இன்று மாற்றி எழுதினார், கையெழுத்திட்டேன்.

தங்கையின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை அனுப்புங்கள். ஓரங்களில் அவள் கிறுக்கியதை அழிக்க வேண்டாம்.

வேலை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். இங்கே எனக்காகப் பேச யாருமில்லையே என்று கலங்காதீர்கள். நானே பேசிக்கொள்கிறேன்.

உங்கள் மூத்தவள்