பொம்மைக்கு ஒரு இடம்

26-2-1975, புதன்

திருப்போரூர் மாசித் திருவிழாவில் இன்று அம்மா ராட்டினம் ஏறினாள். கூட்டம் பார்க்கிறதே என்று நான் ஏறவில்லை. எனக்கு வாங்கிய டிக்கெட்டுக்கு, தான் தைத்த துணிப்பொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கீழே, நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியை என் அருகில் வந்து நின்று சிரித்தார். "யாரும்மா அது, இந்த வயசுல பொம்மைய வச்சிக்கினு சுத்துது?"

"தெரியலீங்க" என்றேன். தெரியலையாம் எனக்கு!

ராட்டினத்தில் அம்மாவின் தொட்டில் அப்போது எங்கள் எதிரே தரைக்கு வந்து நின்றிருந்தது. அம்மா இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "டீச்சரம்மா, மகாபலிபுரம் பஸ்ஸு எங்க நிக்குது?"

கையை நீட்டிக் காட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் பொம்மையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். ஊர் வரும்வரை, எல்லோரும் பார்க்க, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.