டிஸ்கில் தடவிய நல்லெண்ணெய்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் புழுக்கம். மாலையில் இடி மட்டும், மழை இல்லை. மேனாம்பேடு முழுக்கக் கரண்ட் போய் வந்தது.

வாங்க: பி.பி. மாத்திரை, கொடிக்கயிறு. மூக்குக் கண்ணாடி தளர்வு, கடையில் காட்ட வேண்டும்.

மருமகள் யமுனா நேற்று ரேஸ் டிராக்கிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்தாள். காரணம் இன்றுதான் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி உள்ள அந்த டிராக்கில் சில சுற்றுகள் ஓட்டிய பிறகு, ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பெடல் தரை வரை போனது. கார் நிற்கவில்லை. நேராகச் சரளைக்கல் பரப்புக்குள். காருக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். கத்தி மட்டும் நின்று நின்று போனது.

அவள் சொன்னது மகன் பிரபுவின் காதில் விழுந்துவிட்டது. காரை விற்றுவிடலாம் என்றான். அந்த நீலக் கார் அவள் தன் சம்பளத்தில் பழையதாக வாங்கியது. இரண்டே இருக்கை. முகப்பேர் ஆபீசுக்கும் அதுதான், மாதம் ஓரிரு ஞாயிறு டிராக்குக்கும் அதுதான். "அம்மா சொல்லட்டும்" என்றான் அவன். நாற்பது தாண்டியும் என் பிள்ளைக்குத் தீர்ப்பு என்னிடம்தான்.

"அத்தையே சொல்லட்டும்" என்றாள் அவளும். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

தெரியாத விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் எனக்கு விளக்கிச் சொல் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். துணி காயவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பாடம். பழைய பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடுமாம். டிராக் சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. மிதித்த மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிட்டது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை அழுத்தி நிறுத்தும் பேடும் ரோட்டுக்கானது, அந்தச் சூடு தாங்காது. நன்றாக விளக்குகிறாள். 'வந்து', 'அதாவது' கிடையாது. நான் படித்த கான்வென்டில் முன் பெஞ்சு கொடுத்திருப்பார்கள்.

வழிகள்:
– பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் (டிஸ்கைக் கவ்வும் பகுதி). இப்போதுள்ள சக்கரத்துக்குள் அடங்காது, சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.
– முழு டிராக் பேட். சூடேறினால் நன்றாகப் பிடிக்கும். ஆறியிருந்தால் சுமார்தான். கிறீச் சத்தம் வேறு.
– ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட். சூடு தாங்கும் ஆயில். ஆயில் போக எஃகு வலை சுற்றிய ஹோஸ். முன் டிஸ்குக்குக் காற்று போக ஒரு குழாய்.

ஒன்றே ஒன்று கேட்டேன். காலையில் நம் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடினால், உன் டிராக் பேட் சூடாகும் வரை அது காத்திருக்குமா?

சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி இரண்டாவது வரியை அடித்தாள். கோணலாக. விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

நல்ல வெயில். வடாம் போட்டிருக்கலாம்.

காட்டுப்பாக்கத்தில் தாஸ் என்பவரின் ஒர்க்‌ஷாப். நானும் வருவேன் என்று கிளம்பினேன். அந்தக் காரில் ஏறுவது கூடப் பரவாயில்லை, இறங்குவதுதான் பாடு. இருக்கை தரையோடு தரையாக. யமுனா கை நீட்டினாள். வேண்டாம் என்று கதவைப் பிடித்து எழுந்தேன். புடவை மடிப்பு கலைந்தது.

தாஸுக்குப் பெரிய காலிப்பரை விற்பதில்தான் குறி. "பெர்சா போட்டுக்கினா கெத்தா இருக்கும் மேடம். செவப்பு கலரு. சிக்னல்ல அவனவன் திரும்பிப் பாப்பான்." யமுனாவின் கண் அந்தச் சிவப்பை விட்டு நகரவில்லை. ஆசைதான். ஜவுளிக் கடையில் கூட அவள் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

கொதித்தது ஆயில், அதற்குச் சிவப்பு என்ன செய்யும் என்று கேட்டேன்.

தாஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மாமியாரா? ஊட்லயும் இப்டித்தானா?"

"இதைவிட" என்றாள் யமுனா.

என் தீர்ப்பு: மூன்றாவது வழி. டிஸ்க் பழைய அளவிலேயே புதிது. கார் விற்பனைக்கு இல்லை. மாலையில் பிரபுவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றான், கஷாயம் குடித்த முகத்தோடு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். கார் வீடு வந்தது. சக்கரக் கம்பிகளுக்கிடையே புது டிஸ்குகள் தெரிகின்றன, எவர்சில்வர் தட்டு போல. பத்திரமாக மெதுவாக ஓட்டி வந்திருக்கிறாள்.

இனிமேல்தான் வேலையாம். "பேடும் டிஸ்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும் அத்தை. புது தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி." வெள்ளிக்கிழமை லீவு. அன்று அதிகாலை அவுட்டர் ரிங் ரோட்டில் ஓட்டிப் பழக்கப் போகிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இரவெல்லாம் மழை. இருவரும் பிரபுவின் காரில் ஆபீஸ்.

பத்திரிகை எடுக்கப் போனபோது பார்த்தேன். டிஸ்க் நான்கும் பழுப்பு. நேற்று வந்த புது இரும்பு, ஒரே இரவில் துரு. இரும்பை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கா தெரியாது? ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் என் தோசைக்கல்லிலும் அரிவாள்மணையிலும் துரு ஏறியதில்லை.

பழைய வேட்டித் துணி, ஒட்டடைக் குச்சி, செக்கு நல்லெண்ணெய். கம்பிகளுக்கிடையே விட்டு நான்கு சக்கரத்துக்கும் தேய்த்தேன். முழங்கால் கெஞ்சியது. முடித்தபோது முகம் பார்க்கலாம் போலிருந்தது.

சொல்லப் போவதில்லை. தானே பார்க்கட்டும். சமையலைக் கழித்தால், அவளுக்காக நான் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை விட்டது. கொசு.

இரவுச் சாப்பாடு. கார் நனைந்து நிற்கிறதே, துருப்பிடிக்காதா என்று பிரபு கேட்டான். அது கிடக்கட்டும், முதல் பிரேக்கிலேயே துரு போய்விடும் என்றாள் அவள். "எண்ணெய் மட்டும்தான் ஆகாது. கைபட்ட பிசுக்குகூடக் கூடாது. பட்டா பேடு பிடிக்கவே பிடிக்காது."

ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அவன் முன்னால் சொன்னால் காரை விற்க அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கும். எனக்கு மானம் போகும். சொல்லாவிட்டால் விடிந்ததும் இவள் அந்தச் சாலையில், அந்த வேகத்தில்.

எழுந்து நின்று சொன்னேன், வகுப்பில் நிற்பது போல. நான்கு சக்கரத்திலும் எண்ணெய் தடவியிருக்கிறேன். நேற்று. நான்தான்.

பிரபு கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் யமுனா சொன்னாள்: "தோசைக்கல்லு மாதிரின்னு சொன்னது நான்தானே. அத்தை சரியாத்தான் பழக்கியிருக்காங்க." பிறகு என்னிடம், ரொம்ப மரியாதையாக: "நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?"

நல்லெண்ணெய், செக்கு என்றேன்.

அந்த டிராக் ஞாயிறுக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தாள். மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பிரபு தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில். எதிர் ஃபிளாட்டில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

தாஸ் வீட்டுக்கே வந்தார். "இன்னாமா, காரையே தாளிச்சிட்டீங்களா?" கிண்டலை வாங்கிக்கொண்டேன். சக்கரங்களைக் கழற்றி, ஏதோ ஸ்ப்ரே அடித்து டிஸ்குகளைத் துடைத்தார். கார் நகராதது நல்லதாயிற்று. முன் பேடுகளில் மட்டும் ஓரம் நனைந்திருந்தது. தேய்த்தால் போதும் என்றார். போதாது, மாற்றுங்கள் என்றேன். புதுப் பேட் எடுத்து வந்து மாற்றினார்.

ஆகஸ்ட் 16, சனி

விடியலில் மூடுபனி போல ஏதோ. குப்பை எரித்த புகையாகவும் இருக்கலாம்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். வேண்டாம் அத்தை என்றாள். எண்ணெய் என்னுடையது, கார் நிற்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

அவுட்டர் ரிங் ரோடு காலி. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வேகமெடுப்பாள், அழுத்தி மிதிப்பாள், முழுதாக நிற்பதற்குள் விட்டு மறுபடி வேகமெடுப்பாள். ஒவ்வொரு மிதிக்கும் முன்னால், "பிடிச்சுக்கோங்க அத்தை."

ஸ்கூட்டரில் ஆவடி ரோட்டுப் பள்ளங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சொல்வார், "பிடிச்சுக்கோ". அவர் போன பிறகு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருகிய வாடை. அப்படித்தான் வருமாம். பிறகு மிதிக்காமலே வெகுதூரம் ஓட்டி ஆறவிட்டாள்.

வீட்டில் இறங்கும்போது கை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிராக். தகரக் கொட்டகைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அனல். தண்ணீர், குடை, தயிர்சாதம். பிரபு வரவில்லை. போன் மட்டும் ஓயாமல் அடிக்கிறான்.

நீலக் கார் நேர்ச்சாலையில் வருகிறது. போன முறை நிற்காத வளைவு எதிரேதான். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. என் கால் தரையை அழுத்துகிறது. கார் திரும்பிவிட்டது.

மறுபடி. மறுபடி. சுற்றுகளை எண்ணக் கூடாது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொட்டகைப் பக்கம் பார்க்கிறாள். சக்கரங்களைப் பார்த்தேன். புகை இல்லை. பெடல் எப்படி என்று காலைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன், எல்லார் முன்னாலும். முஷ்டியை மடக்கிக் காட்டினாள், கல் மாதிரி.

இன்னும் ஒரு சுற்று போகட்டுமா என்று ஒரு விரல் காட்டினாள்.

நான் இரண்டு விரல் காட்டினேன்.