கிலோ கட்டமும் பவுண்டு கட்டமும்

பம்பாய், 12.7.1989

மாமாவுக்கு தேவகி வணங்கி எழுதுவது. உங்கள் இருமலும் பேத்தியின் காய்ச்சலும் நின்றனவா?

முந்தாநாள் எங்கள் இறால் ஏற்றுமதி ஆபீசில் மேனேஜர் வரதன், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் மங்களா, டீ கொடுக்கப் போன நான், மூன்று பேர்தான் இருந்தோம். திரையில் இறால் எடையின் கிலோ கட்டத்தை மாற்றினால் பவுண்டு கட்டம் மாறியது; பவுண்டு மாறியதும் அது கிலோவை மாற்றியது. இப்படியே ஓயாமல் சுற்றி கம்ப்யூட்டர் பெட்டி நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மங்களாவுக்கு வேலை போய்விடும் என்றார் மேனேஜர்.

“இன்னாம்மா இது? எங்க ஏரில ரெண்டு படகு வலை இழுக்கறப்போ ஒருத்தர் சைகைக்குக் கயித்த ஆட்டுவாரு, அடுத்தவரு பதிலுக்கு ஆட்டுவாரு. அதோட நிறுத்தணும். ஒரு ஆளு அந்தப் பதிலுக்கும் பதில் ஆட்டி, மாத்தி மாத்தி இழுத்து வலையே கிழிஞ்சிச்சு” என்றேன்.

மனிதர் மாற்றினால் பதில் சொல், பெட்டியே மாற்றினால் சும்மா இரு என்று மங்களா எழுதினாள். வேலை தப்பியது.

நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை. நம் வலையைக் கிழித்தது உங்கள் தம்பி என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் மன்னிக்கமாட்டேன், அந்த நீலமேகத்தை.